மாற்றுப் பொறுப்பாளர்

நிரப்ப வேண்டியது நாலே வரி. மணி மூன்று பத்து. நாலு மணிக்கு மீட்டிங். அதற்குள் ப்ளானை முடித்து அனுப்ப வேண்டும் என்று ஹேமச்சந்திரன் காலையில் இருந்து மூன்று தடவை சொல்லிவிட்டான். மேனேஜர். என்னைவிட இருபத்தாறு வயது சின்னவன். வாய்க்கு வாய் சார் போடுவான், ஒவ்வொரு சாருக்குப் பின்னாலும் சீக்கிரம் என்று ஒரு சொல் சத்தமில்லாமல் நிற்கும். நாலு வரி. கை போகவில்லை. ஏசி உச்சந்தலைக்கு நேர் மேலே. சிகரெட் பிடிக்கிறவன் எவனோ பின்கதவைத் திறந்து வைத்திருக்கிறான், குப்பைமேட்டுக் காற்று நேராக மூக்குக்கு வருகிறது. பெருங்குடியில் ஆபீஸ் கட்டினவனுக்கு மூக்கு இல்லை போல. சாம்பார் சாதம் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. வலது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் செவ்வாய்க்கிழமையில் இருந்து மரத்துக் கிடக்கின்றன. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவரவருக்குத் தெரிந்த டாக்டர் பேரைச் சொல்வார்கள். சட்டைப் பொத்தானைப் போட இன்று காலை நாலு நிமிஷம் ஆனது. மரகதம் பார்த்துக்கொண்டே நின்றாள், ஒன்றும் கேட்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்கு எதைக் கேட்கக்கூடாது என்று தெரிந்திருக்கிறது. பெரிய தொல்லை அது. கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருக்கலாம்.

அவள் ஒருநாள் வேறொன்று கேட்டாள். அப்படி என்னதான் வேலை பார்க்கிறீர்கள், நாள் முழுக்க கட்டம் கட்டமாக எதையோ பார்த்துக்கொண்டு, என்று. சொன்னால் புரியாது என்றேன். புரியும். பெரிய வித்தை இல்லை. ஓர் இடத்துச் சேதியை வாங்கி இன்னோர் இடத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிற மென்பொருள். தரகு வேலை. ரத்தப் பரிசோதனைக் கம்பெனி ஒன்று, எழுபது கிளை. கிளையில் இருக்கிற மெஷின் ரத்தத்தைப் பார்த்து ஒரு எண்ணைத் துப்பும். அந்த எண்ணை வாங்குவது ஒரு சர்வீஸ். ஆஸ்பத்திரி மொழிக்கு மாற்றுவது ஒரு சர்வீஸ். கொண்டு சேர்ப்பது ஒன்று. நாலாவது, எண் உயிருக்கு ஆபத்தான எண்ணாக இருந்தால் டாக்டருடைய செல்போனுக்கு அந்த நிமிஷமே அடிப்பது. அதற்கு அலர்ட் என்று பேர். இந்த நாலையும் எந்த சர்வரில் ஓட்டுவது, அது விழுந்தால் எந்த சர்வரில் எழுப்புவது, எதையெல்லாம் ஒரே க்ரூப்பாகக் கட்டி ஒன்றாகத் தூக்கிப் போவது என்பதை எழுதி வைக்கிற தாளுக்குத்தான் ப்ளான் என்று பேர். வரிக்கு ஏழு கட்டம். சர்வீஸ். க்ரூப். முதல் சர்வர். மாற்று சர்வர். சோதித்ததா. பொறுப்பாளர். மாற்றுப் பொறுப்பாளர். அவ்வளவுதான் மரகதம். நாலையும் ஒரே க்ரூப்பில் கட்டினால் ஒன்று தடுக்கினாலும் நாலும் சேர்ந்து மூட்டை கட்டிக்கொண்டு மாற்று சர்வருக்குப் போகும். போய் எழுந்திருக்க நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷமும் அலர்ட் ஊமை. அதனால் திங்கட்கிழமை அலர்ட்டைத் தனியாகப் பிரித்து வைத்தேன். செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தால் மறுபடி ஒரே க்ரூப். ஹேமச்சந்திரன் கட்டியிருக்கிறான். கேட்டதற்கு, “தனித்தனியா இருந்தா க்ளையன்ட் கேள்வி கேப்பாங்க சார், ஒண்ணா இருந்தா படம் பாக்க நீட்டா இருக்கு” என்றான். படம். பெட்டி வரைந்து அம்புக்குறி போட்ட படம். அது நீட்டாக இருக்க வேண்டும். சரி என்று விட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் விரல் மரத்துப்போனது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மனசு சும்மா இருக்காமல் முடிச்சுப் போடுகிறது.

க்ரூப்பை விட்டேன், அது நாலு நிமிஷத் தப்பு. இது அப்படி இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்து, சும்மா, ஏதோ அரிப்பில், முதல் சர்வரையும் மாற்று சர்வரையும் எந்தப் பெட்டி சுமக்கிறது என்று பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. சர்வர் என்று இப்போது சொல்வதெல்லாம் நிஜத்தில் தனித்தனி இரும்புப் பெட்டி இல்லை. ஒரு பெரிய பெட்டிக்குள் பத்து சர்வரைக் குடிவைக்கலாம், ஒவ்வொன்றும் தான் தனி வீடு என்றே நினைத்துக்கொண்டிருக்கும். முதல் சர்வர், மாற்று சர்வர், இரண்டு பேர், இரண்டு விலாசம். இரண்டும் அம்பத்தூர் டேட்டா சென்டரில் ஒரே பெட்டியில் இருக்கின்றன. ஒரே பெட்டி, ஒரே மின்சாரம், ஒரே வயர். பெட்டி போனால் விழுகிறதும் தாங்கிப் பிடிக்கிறதும் சேர்ந்தே போகும். இதில் வேடிக்கை என்னவென்றால் சோதித்தால் சரியாக வரும். முதல் சர்வரை அணைத்தால் மாற்று சர்வர் எழுந்து நிற்கும், பச்சை விளக்கு எரியும், எல்லோரும் கைதட்டலாம். ஹேமச்சந்திரனுக்கு போன் போட்டேன். அவன் அறை முப்பதடி தூரம், கண்ணாடி வழியாகத் தெரிகிறான், ஆனாலும் போன். “சார், ரெண்டு சர்வர் இருக்கில்ல?” “பேரு ரெண்டு இருக்கு. பெட்டி ஒண்ணு.” “ரெண்டாவது பெட்டி ஆர்டர்ல இருக்கு சார், அடுத்த மாசம் வந்துடும்.” “அப்ப புது ஏற்பாட்டை அடுத்த மாசம் தொடங்கு.” “அது எப்படி சார், தேதி சொல்லியாச்சே. இப்ப அணைச்சுப் பாத்தா மாறுதா இல்லையா?” “மாறுது.” “அப்ப சோதித்ததான்னு கேட்டா ஆம்தானே சார். பொய் ஒண்ணும் இல்லையே.” கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவன் என்னைப் பார்க்காமல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான். “அப்புறம் சார், உங்க ரினியூவலும் இந்த வாரம் கையெழுத்துப் போடணும். என் டேபிள்லதான் இருக்கு. சும்மா ஞாபகத்துக்குச் சொன்னேன்.” சும்மாதான். வருஷா வருஷம் என்னைப் புதுப்பிக்கிறார்கள், கேஸ் அடுப்பு ட்யூப் மாதிரி. அறுபத்திரண்டு. ஒருநாள் புதுப்பிக்காமல் விடுவார்கள். அப்புறம் காலையில் சட்டை போட வேண்டிய அவசியமே இருக்காது, பொத்தானும் பிரச்சினை இல்லை.

ஆம் என்று போடுவது எனக்குப் புதிதா. யாரிடம் யோக்கியன் வேஷம் போடுகிறேன். இருபது வருஷம் ஒரு சின்ன ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தேன். அங்கேயும் இரண்டு இருந்தது, ஓடுகிற யூனிட் ஒன்று, காத்திருக்கிற யூனிட் ஒன்று. புதன்கிழமை காலை ஆறு மணிக்கு ஓடுகிறதை நிறுத்தி, காத்திருக்கிறதை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மறுபடி மாற்ற வேண்டும். சட்டம். எதற்கு என்றால், சும்மா நிற்கிறது நிஜமாகவே ஓடுமா என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். முதல் இரண்டு மாசம் செய்தேன். ஒரு புதன்கிழமை மாற்றினதும் பாதி ஊருக்கு டயல் டோன் போய்விட்டது, தாசில்தார் வீட்டு லைன் உட்பட. அன்றைக்குக் கிடைத்த வசவு. அதற்கப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ரெஜிஸ்டரில் எழுதினேன். மாற்றிப் பார்த்தது, சரி. கையெழுத்து. அடுத்த புதன், மாற்றிப் பார்த்தது, சரி. எழுத்து நன்றாக இருக்கும் எனக்கு. இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி ரெஜிஸ்டரைப் புரட்டிவிட்டு இந்த மாதிரி எல்லா எக்ஸ்சேஞ்சிலும் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று எழுதிவிட்டுப் போனான். நான் ஏமாற்றுக்காரன் என்று எனக்குத் தோன்றினதே இல்லை. எல்லோரும் அப்படித்தான். சோதித்துப் பார்த்தால்தான் உடையும், சோதிக்காதவரைக்கும் எல்லாம் சரி. அது ஒரு ஞானம் மாதிரி எனக்குள் உட்கார்ந்துவிட்டது. வேலையை விட்டு இங்கே வந்தபோது அதையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். இங்கே என்கூட வேலை பார்த்த லூர்துவுக்கு அது தெரியாது.

லூர்துவை நினைக்கக்கூடாது என்று வைத்திருந்தேன். இந்த வாரம் முழுக்க அவன்தான் வருகிறான். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே க்ளையன்ட், இதே நாலு சர்வீஸ், பழைய ப்ளான். அப்போது நிஜமாகவே இரண்டு பெட்டி. சோதித்ததா, ஆம். பொறுப்பாளர், எத்திராஜ், அதாவது நான். மாற்றுப் பொறுப்பாளர், லூர்து ஜெயராஜ். சர்வர் விழுந்தால் பொறுப்பாளருக்கு போன் வரும். மூன்று தடவை எடுக்கவில்லை என்றால் மாற்றுக்குப் போகும். மனுஷனுக்கும் அதே ஏற்பாடுதான். ஞாயிற்றுக்கிழமை. மரகதத்தின் தம்பி பெண்ணுக்கு வளைகாப்பு, ஆரணியில். பதினொன்றரை மணி, முதல் பந்தி. ஏழு வகை சாதத்தில் தேங்காய்ச் சாதம் போட்டுக்கொண்டு வருகிறான். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். ஆபீஸ் நம்பர். பக்கத்து இலையில் சம்பந்தி, யாருங்க என்றார். ஒண்ணுமில்லை என்றேன். திரும்பப் பைக்குள் போட்டேன். இன்னும் இரண்டு தடவை அதிர்ந்தது. நெஞ்சின் மேலேயே. இன்றைக்கும் அந்த இடம் தெரிகிறது, இடது பை, பேனாவுக்குக் கீழே. மூன்றாவது நின்றதும் நிம்மதியாக இருந்தது. மாற்றுக்குப் போய்விட்டது, லூர்து பார்ப்பான். அந்தத் தேங்காய்ச் சாதம் நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்னொரு கரண்டி வாங்கினேன். லூர்து மாதாகோயிலில் இருந்திருக்கிறான். பாதிப் பூசையில் எழுந்து வெளியே வந்து, வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, பத்தாவது நிமிஷம் மாற்று சர்வரை எழுப்பியிருக்கிறான். மூன்று சர்வீஸ் எழுந்தது. அலர்ட் எழவில்லை. டாக்டர் போனுக்கு அடிக்கிற வாசலைத் திறக்க ஒரு ரகசிய எண் உண்டு. அதை மாற்று சர்வரில் யாரும் போடவே இல்லை. யாரும் என்றால் நான். ஒரே ஒரு தடவை அணைத்துப் பார்த்திருந்தால் முதல் நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அந்த எண் இருந்த இடம் எனக்குத்தான் தெரியும். அவன் எனக்குப் பதினாலு தடவை போன் போட்டிருக்கிறான். நான் போனை மரகதத்தின் பையில் போட்டுவிட்டுத் தென்னந்தோப்பில் கட்டிலில் படுத்துவிட்டேன். அஞ்சு மணி நேரம். நாற்பத்தொரு அலர்ட் போகாமல் வரிசையில் நின்றது. அதில் ஒன்று பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்பது. பெண், ஐம்பத்திரண்டு வயது. பேர் வராது எங்களுக்கு, ரத்த மாதிரியின் எண்தான் வரும். அந்த எண் எனக்கு மனப்பாடம். ஆறு புள்ளி ஒன்பதில் இதயம் எந்த நிமிஷமும் நிற்கலாம் என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த அம்மாள் இருக்கிறாளா இல்லையா என்று கேட்கவில்லை. ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். மூன்று வருஷமாகப் போடவில்லை.

விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். பதினைந்து நிமிஷம். இதே மாதிரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவரவர் இடத்தில். என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. மாற்று சர்வர் சோதிக்கப்பட்டதா. சோதித்தேன் என்றேன். அவ்வளவுதான். ரெஜிஸ்டரில் எழுதின அதே கை, வாயாக மாறிப் பேசினது. அப்படியானால் அன்றைக்கு அதை இயக்கின ஆள் தப்பாக இயக்கியிருக்க வேண்டும் என்று முடிவு. போனை எடுத்தவன் லூர்து. எடுத்தவன் மாட்டினான். எடுக்காதவன் பேர் அறிக்கையில் ஓரிடத்தில்கூட இல்லை. அவன் அந்த மீட்டிங்கில் என் பேரைச் சொல்வான் என்று காத்திருந்தேன். பதினாலு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேன், சண்டை போட்டிருப்பேன், அவனை வெறுத்திருப்பேன், கணக்கு அங்கேயே தீர்ந்திருக்கும். ரிசைன் பண்ணச் சொன்னார்கள், பண்ணினான். ஆறு மாசம் முன்னால் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நான் திரும்பிக்கொண்டேன், அவன்தான் வந்து தோளைத் தொட்டான். “நல்லா இருக்கீங்களாண்ணே?” “இருக்கேன். நீ?” “பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கறேண்ணே. பரவாயில்ல, பசங்க நல்ல பசங்க.” அப்புறம் தோளில் இருந்து கையை எடுக்காமலே கேட்டான். “அன்னைக்கு நீங்க நல்லாத்தானே இருந்தீங்க? நான் உங்களுக்கு என்னமோ ஆயிருச்சோன்னு பயந்துட்டேன். அதான் அத்தனை தடவை அடிச்சேன்.” பஸ் வந்துவிட்டது. என் பஸ் இல்லை. ஏறிவிட்டேன்.

மூன்று முப்பத்தைந்து. நாலு வரியிலும் பொறுப்பாளர் எத்திராஜ். அது முன்னமே நிரம்பி வந்திருக்கிறது. மாற்றுப் பொறுப்பாளர் நஸ்ரீன் பானு. பக்கத்து சீட். ஏழு வருஷ அனுபவம், வேலை தெரிந்தவள், வாயும் உண்டு. ராயப்பேட்டையில் இருந்து வருகிறாள், மாமியாரும் ஒரு பெண் குழந்தையும். போன் அடித்தால் எடுக்கிற ஜாதி. அதுதான் பயம். எடுத்தவன் மாட்டுவான் என்பது இங்கே எழுதாத சட்டம். கர்சரைக் கொண்டுபோய் நஸ்ரீன் பானுவை அழித்தேன். கட்டம் சிவப்பாகிவிட்டது. காலியாக விடக்கூடாதாம். எத்திராஜ் என்று அடித்தேன். வாங்கிக்கொண்டது. முதலும் எத்திராஜ், மாற்றும் எத்திராஜ். மென்பொருள் ஒரு கேள்வி கேட்கவில்லை. கட்டம் நிரம்பினால் போதும் அதற்கு. நாலு வரியிலும் மாற்றினேன். ஒரு நிமிஷம் நெஞ்சு லேசாக இருந்தது. வந்தால் என் தலையோடு போகட்டும். “என்ன சார், என் பேரைத் தூக்கிட்டீங்க?” திரும்பினால் அவள் திரையில் அதே தாள். மாற்றினது உடனே எல்லோருக்கும் தெரியும், மறந்துவிட்டேன். “உனக்கெதுக்குமா இது.” “எதுக்கா? இதுல பேர் இருந்தாத்தான் சார் எனக்கு அடுத்த லெவல். ரெண்டு வருஷமா கேட்டு வாங்கியிருக்கேன்.” “வேணாம்.” “நான் செய்ய மாட்டேன்னு நினைக்கிறீங்களா?” “செய்வே. அதான் வேணாங்கறேன்.” “இது என்ன பேச்சு சார். நீங்க ஊருக்குப் போயிட்டா, உங்களுக்கு ஒடம்பு முடியலைன்னா யாரு எடுப்பா? உங்களுக்கு மாத்து நீங்களேவா?” அவள் கோபத்தில்தான் சொன்னாள். ஆனால் சரியாகச் சொன்னாள். இரண்டு பேர், ஒரே பெட்டி. ஹேமச்சந்திரன் செய்ததை நானும் செய்து வைத்திருக்கிறேன். அவனாவது இரண்டு சர்வருக்கு இரண்டு பேர் வைத்தான். இந்தப் பெட்டியில் வேறு இரண்டு விரல் மரத்துக் கிடக்கிறது, மணிபர்ஸில் பிரஷருக்குப் பார்க்கிற டாக்டர் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு பத்து நாளாக மடங்கிக் கிடக்கிறது. கொடுத்தால் என் ரத்தத்தின் எண்ணும் இந்த நாலு சர்வீஸ் வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அலர்ட் அடிக்குமா அடிக்காதா என்று எனக்கு மட்டும் முன்கூட்டியே தெரியும். நல்ல சலுகை. நஸ்ரீன் பேரை மறுபடி அடித்தேன். நாலு வரியிலும். “தேங்க்ஸ் சார்” என்றாள், தேங்க்ஸ் மாதிரி இல்லை.

சோதித்ததா. அந்தக் கட்டம்தான் பாக்கி. சர்வரை அணைத்தால் மாறுகிறது, பெட்டியே போனால் என்ன ஆகும் என்று யாரும் பார்க்கவில்லை. இல்லை என்று போட்டேன். கீழே அனுப்பு என்கிற பொத்தான் சாம்பல் நிறமாகிவிட்டது, அமுங்கவில்லை. ஆம் என்று மாற்றினேன், பொத்தான் நீலமானது. இல்லை, சாம்பல். ஆம், நீலம். எவனோ உட்கார்ந்து யோசித்து இப்படிச் செய்திருக்கிறான். சோதிக்காததை யாரும் அனுப்பக்கூடாது என்ற நல்லெண்ணம். அதனால் எல்லோரும் ஆம் போடுகிறார்கள். கடைசியில் இல்லை என்று போட்டு, அனுப்பாமல் அப்படியே வைத்தேன். அனுப்பாவிட்டால் மீட்டிங்கில் ப்ளான் இருக்காது, ப்ளான் இல்லாவிட்டால் தேதி தள்ளிப்போகும், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அது ஒரு வழி. வாயைத் திறக்காமல் ஒரு நல்ல காரியம். மூன்று ஐம்பத்தைந்து. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், என் கண் முன்னால் இல்லை என்பது ஆம் ஆகிறது. நாலு வரியிலும், மேலிருந்து கீழாக, ஒன்றுக்குப் பின் ஒன்று. பொத்தான் நீலமாகி, அமுங்கி, அனுப்பியாயிற்று என்று வந்தது. கண்ணாடி அறைக்குள் ஹேமச்சந்திரன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். திரையின் மூலையில் அவன் எழுதினது வந்தது. உங்களுக்கு சிரமம் வேண்டாம்னு நானே போட்டுட்டேன் சார். சிரமம் வேண்டாம். சரிதான். இனி நான் பொய்கூடச் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தால் போதும். என் பேரில் வேறொருவன் போட்ட ஆம். அந்தப் பெட்டி போகும் என்று யார் சொன்னது, போகாமலே ஒரு மாசம் ஓடலாம், இரண்டாவது பெட்டி வந்துவிடும், ரினியூவல் வந்துவிடும், நஸ்ரீனுக்கு லெவல் வந்துவிடும். ஒரு மாசம்தான். அன்றைக்கும் ஒரு பந்திதான். சாப்பிட்டு எழுந்திருக்கிற நேரம்தான்.

நாலு மணி. ஹெட்போனை மாட்டினேன். முப்பதடிக்குள் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் மாட்டிக்கொண்டு திரையைப் பார்க்கிறோம். பத்துப் பெட்டி, பத்து முகம். பரிசோதனைக் கம்பெனியில் இருந்து ஒரு டாக்டரம்மா, சுகந்தி என்று பேர் போட்டிருக்கிறது. வெள்ளைக் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் எவனோ ட்யூப் வைத்த ட்ரேயைத் தூக்கிக்கொண்டு போகிறான். ஹேமச்சந்திரன் படத்தைக் காட்டினான். பெட்டி, அம்பு, பெட்டி. “இது விழுந்தா இது எடுத்துக்கும் மேடம், முழுக்க சோதிச்சாச்சு.” டாக்டரம்மா கேட்டாள், “போன தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆச்சே, அந்த மாதிரி ஆகாதுல்ல?” “அது ஒரு தனிநபர் பிழை மேடம். அந்த ஆள் இப்ப எங்ககிட்ட இல்ல.” தனிநபர். அந்த ஆள். பாதிப் பூசையில் எழுந்து வந்த ஆள். எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்த ஆள். “எத்திராஜ் சார்தான் பொறுப்பாளர். சார், கன்ஃபர்ம் பண்ணிடலாமா?” தொண்டையைச் செருமினேன். சொன்னேன். சோதிக்கலை என்றேன். ரெண்டு சர்வரும் ஒரே பெட்டியில இருக்கு, பெட்டி போனா ரெண்டும் போயிடும் என்றேன். நிறுத்தியிருக்கலாம். நிற்கவில்லை. போன தடவையும் நான் சோதிக்கலை, சோதிச்சேன்னு சொன்னேன், எனக்குத்தான் முதல்ல போன் வந்துச்சு, பாத்துட்டு எடுக்கலை, லூர்து மேல ஒரு தப்பும் இல்லை. சொல்லி முடித்தபோது கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. பத்து முகத்தில் ஒரு முகமும் மாறவில்லை. டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சார்,” என்றான் ஹேமச்சந்திரன், “உங்க வாய் அசையுது, குரல் வரலை. ம்யூட்ல இருக்கீங்க.”

சிரிப்பு வந்தது. மூன்று வருஷம் தூக்கிச் சுமந்து, கடைசியில் கொட்டினால், கதவு மூடியிருக்கிறது. ஒருத்தருக்கும் கேட்கவில்லை. சொல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். மறுபடி முதலில் இருந்து யோசிக்க எனக்கு இன்னொரு நிமிஷம் இனாமாகக் கிடைத்திருக்கிறது. பெட்டி விஷயத்தை மட்டும் சொல்லலாம். இன்றைய விஷயம் அதுதானே. பழசு எதற்கு. பெட்டியை மட்டும் சொன்னால் கவனமான ஆள் என்று டாக்டரம்மா நினைப்பாள், பாராட்டக்கூடச் செய்வாள், லூர்து தனிநபர் பிழையாகவே இருந்துவிட்டுப் போவான். அது எவ்வளவு வசதி. இடது பக்கம் ஏதோ அசைந்தது. நஸ்ரீன். ஒரு காதில் இருந்து ஹெட்போனை விலக்கி வைத்திருக்கிறாள். எப்போதும் அப்படித்தான், இரண்டு காதிலும் வைத்தால் தலை வலிக்கிறது என்பாள். என்னையே பார்க்கிறாள். மூன்றடி தூரம். அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. முகத்தில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை. தன் பேர் எந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று இப்போது அவளுக்குத் தெரியும். “சார்?” என்றான் ஹேமச்சந்திரன். “சார், சும்மா தலையாட்டினாலும் போதும், அடுத்த பாயின்ட்டுக்குப் போயிடலாம்.” கையை நீட்டினேன். மரத்த விரல் வேறெங்கோ அமுக்கியது. ஆள்காட்டி விரலால் அமுக்கினேன். திரையில் என் பெட்டியைச் சுற்றிப் பச்சைக் கோடு வந்தது. மூச்சு விடுகிறது எல்லோருக்கும் கேட்டிருக்கும். “மேடம், இங்க மினிட்ஸ் யாரு எழுதறாங்க?” என்றேன். யாரோ ஒரு பெண் குரல், “நான் எழுதறேன் சார்” என்றது. “என் பேரு எத்திராஜ். சோதிக்கலைன்னு எழுதிக்கோங்க. அந்த ஞாயிற்றுக்கிழமையில இருந்து சொல்றேன், மெதுவா சொல்றேன். ஒரு வரியும் விடாம எழுதிக்கோங்க.”